ஏழுமதிலை எந்தத் தொகுதியில் தொடங்குவது

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேசியபோது சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நிவேதா ஏழுமதில் பதினாலு புக்கையும் படிச்சவப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் முழுசா படிச்சி முடிக்கணுமாம். எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? அவ மொத புக்குன்றா. நீ என்னை நாலாவதுலேர்ந்துதான படிக்க வெச்ச?" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "நீ சொன்ன முன்கதைய அவகிட்ட சொன்னேன்ப்பா. அப்பிடி எந்த புக்குலயும் இல்லவே இல்லன்னு அடிச்சிப் பேசறா. அவளுக்கு ஞாபகம் கம்மி" என்று அவளைக் கேலி வேறு செய்தாய். அந்தப் பெண் பக்கத்தில் சிரிப்பது எனக்குக் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நிவேதாவுக்கு ஞாபகம் கம்மி இல்லை. அவள் சொன்னதுதான் சரி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பேச்சு என்றால் உன் குரல் கொஞ்சம் மாறினாலே நான் வார்த்தையை மாற்றிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, எவ்வளவு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதிவிட்டால் திருத்த முடியாது. மூன்று நாளாக ஜமுனாமரத்தூரில் மழை விடவில்லை. போளூர் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நூலகத்துக்கு ஒரு ஆள் வரவில்லை. இந்த ஒற்றை அறையில், ஒற்றை ஜன்னலுக்குப் பக்கத்தில், மூட்டு வலியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஓடிப் போக இடமில்லாதபோதுதான் எனக்கு உண்மை சொல்ல வருகிறது போலிருக்கிறது.

ஏழுமதிலின் நான்காம் தொகுதி நம் நூலகத்துக்கு வந்தபோது உனக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. உன் அம்மா வீட்டை விட்டுப் போய் ஒன்றரை மாதம். புத்தகக் கட்டைப் பிரித்தால் சமையல் புத்தகம், ஜோசியப் புத்தகம், நடுவில் அட்டையில் கோட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம். முதுகில் நான்கு என்று போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று கட்டில் இல்லை. மேலிடத்திலிருந்து அனுப்புகிறவர்கள் வரிசை பார்த்தா அனுப்புகிறார்கள்? எது மிச்சமோ அது மலைக்கு வரும். அட்டையைப் பார்த்துவிட்டு நீ அதைத்தான் படிக்கச் சொன்னாய். உன்னை மடியில் வைத்துக்கொண்டு மேஜை மேல் விரித்தேன். "ஆதிரன் மூன்றாம் மதிலைத் தாண்டி நின்றான். அம்மா இன்னும் நான்கு மதில்களுக்கு அப்பால் இருந்தாள்." இதுதான் ஆரம்பம். நீ உடனே என் கையைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்ப விடாமல், "அவன் அம்மா ஏம்ப்பா அங்க கீறாங்க?" என்று கேட்டாய்.

அன்றைக்குக் காலையில்தான் நீ வேறொரு கேள்வி கேட்டிருந்தாய். பல் தேய்க்கும்போது, "நம்ம அம்மா எப்பப்பா வரும்?" என்று. தினமும் கேட்பாய். ஒன்றரை மாதமாக என்னால் ஒரு பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் வாயில் பதில் தானாக வந்தது. கோட்டைக்கு நடுவில், ஏழாவது மதிலுக்குள்ளே, ஆதிரனின் அம்மா இருக்கிறாள் என்றேன். யாரும் அடைக்கவில்லை, அவளாகவே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் என்றேன். பையன் அவளைத் தேடி மதில் மதிலாக உள்ளே போகிறான், ஆனால் வாயைத் திறக்கவே கூடாது, "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், ஏழு மதிலும் இடிந்து அவள் தலையில் விழுந்துவிடும் என்றேன். நீ கண் கொட்டாமல் கேட்டாய். "அப்ப மனசுக்குள்ள கூப்டலாமா?" என்றாய். அதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உன் அம்மா ஏன் போனாள் என்பதையும் நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. மலை ஒத்துக்கொள்ளவில்லை, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மழுப்புவேன். அவள் கலசப்பாக்கத்துப் பெண். நெல் வயலும் சந்தையும் அக்கா தங்கச்சிகளுமாக வளர்ந்தவள். இங்கே வந்து பேச ஆளில்லாமல், மழைக்காலத்தில் பாதை அடைத்தால் பத்து நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினாள். கீழே மாற்றல் வாங்குங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கெஞ்சினாள். ஒரு வருடம் மாற்றல் கிடைத்தும்விட்டது, அவள் ஊருக்குப் பக்கத்திலேயே. எனக்குத்தான் இங்கிருந்து போகப் பிடிக்கவில்லை. இங்கே நான் நூலகர், எல்லோருக்கும் சார். அங்கே போனால் மாமியார் வீட்டு மாப்பிள்ளை. அவளிடம் மூச்சு விடாமல், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அதன் நகல் என் பையிலிருந்து அவள் கையில் சிக்கியது. சத்தம் போடவில்லை. "உங்களுக்கு இங்க கெடக்கப் புடிக்கும்னா கெடங்க. என்னையும் சேத்து ஏன் அடைச்சி வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனாள். உனக்கு அப்போது அம்மை வார்த்திருந்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, கண்ணு. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சொன்னபடி வந்தாள். பஸ் நிறுத்தத்திலேயே அவளை மடக்கிவிட்டேன். "அவன் இப்பதான் தேறியிருக்கான், மலை எறக்கினா மறுபடி படுத்துக்குவான்" என்று ஏதேதோ சொன்னேன். உள்ளுக்குள் ஒரே பயம்தான். நீ போனால் திரும்ப வரமாட்டாய், நான் இந்த மலையில் தனியாகக் கிடப்பேன் என்று. அவள் அழுதுகொண்டே அதே பஸ்ஸில் ஏறினாள். இரண்டாவது தடவை வந்தபோது உனக்கு ஏழு வயது. நேராக நூலகத்துக்கே வந்துவிட்டாள். நீ உள்ளே தரையில் படுத்து ஐந்தாம் தொகுதியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாய். வாசலை மறித்துக்கொண்டு, "உன் பேர சொன்னாலே அவன் பயப்படறான். வேணும்னா ஜன்னலாண்ட நின்னு கூப்ட்டுப் பாரு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உன் பெயரைக் கூப்பிட்டாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாய். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். நீ இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த அளவுக்கு வெறுத்துட்டானா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "உன் மேல மதில் விழக் கூடாதுன்னுதான் வாயப் பொத்தறான்" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்திருப்பாள். நீ அவளைக் காப்பாற்றினோம் என்று நினைத்தாய், அவள் பிள்ளைக்குத் தன் முகமே ஆகவில்லை என்று நினைத்தாள். மூன்று பேரில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதற்கப்புறம் நான் என் கதைக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். ஏழாம் தொகுதி வந்தது. உனக்கு முன்னால் நான் பிரித்துப் படித்துவிடுவது வழக்கம். அதில் ஆதிரன் கடைசி மதிலின் கதவைத் திறக்கிறான். திறந்தால் எதிரே அந்தப்புரமும் இல்லை, அறையும் இல்லை. வெயில், மாட்டு வண்டி, சந்தைக்குப் போகிற கூட்டம். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவன் இத்தனை நாளும் உள்ளே போய்க்கொண்டிருக்கவில்லை, வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறான். மதில் தாண்டுகிறவன் கோட்டைக்குள்தான் போவான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான்கு மதிலுக்கு அப்பால் என்றால் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லை. அம்மா வெளியேதான் இருக்கிறாள், அடைபட்டவன் பையன்.

அப்போதாவது உன்னிடம், அப்பா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். உனக்கு ஒன்பது வயது, கதை மாறினால் குதித்திருப்பாய். ஆனால் கதை மாறினால் நீ மறுபடி கேள்வி கேட்பாய். அதனால் தேதிச் சீட்டு ஒட்டுவதற்குக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையை எடுத்து அந்தப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டேன். "இன்னாப்பா, இங்க ஒட்டிக்கினு கீது?" என்று நீ கொண்டுவந்து காட்டினாய். அச்சகத்திலிருந்தே அப்படித்தான் வந்தது என்றேன். கிழிந்த புத்தகத்தை ஒட்டுவது என் வேலை. நல்ல புத்தகத்தை ஒட்டிக் கெடுத்த நூலகன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எட்டு, ஒன்பது, பத்து என்று வரவர எத்தனை பக்கம் ஒட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு வருடமும் வேண்டிய புத்தகங்களின் பட்டியல் எழுதி அனுப்புவேன். அதில் ஏழுமதில் ஒன்று, இரண்டு, மூன்றை மட்டும் விட்டுவிடுவேன்.

சின்னப்பையன் அண்ணனை உனக்கு நினைவிருக்கும், மேட்டு நிலத்தில் சாமை போடுகிறவர், எந்தப் புத்தகத்தையும் கடைசியிலிருந்து படிக்கிறவர். "முடிவு தெரிஞ்சாதான் சார் எனக்கு உள்ள பூர தெகிரியம் வர்து" என்பார். பதினான்காம் தொகுதி வந்ததும் அவர்தான் முதலில் எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்க வந்தபோது நீ விடுதியில் சேர்ந்து திருவண்ணாமலை போயிருந்தாய். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "பையனுக்கு நீங்க சொன்ன கத வேற மாரி கீதே சார்? நான் அன்னிக்கி இங்கதான குந்திக்கினு கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். சிறு பிள்ளைதானே, அவனுக்கு ஏற்ற மாதிரி சொன்னேன் என்றேன். "எனக்கு இன்னா வந்துச்சி. ஆனா அவனுக்குப் படிக்கத் தெரியுமே சார், ஒரு நாளு படிச்சிடுவான்" என்று சொல்லிவிட்டு மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் நீ படிக்கவில்லை. பத்தோடு நிறுத்திவிட்டாய். பாதிப் பக்கம் ஒட்டியிருந்தால் யாருக்குத்தான் மேலே படிக்கத் தோன்றும்? அது கதைதான் என்று வளர்ந்த பிறகு உனக்குத் தெரிந்திருக்கும். அதற்குள், அவள் அந்த ஒரு நாளைக்குப் பிறகு வரவே இல்லையே, அவளுக்கு நாம் வேண்டாம் போல என்று உன் மனம் பழகிவிட்டது. விடுதி விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்தை நீ வெறுமனே விட்டிருந்தாய். வார்டன் கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றாய். பையன் எவ்வளவு கெட்டிக்காரன், அழவே இல்லை என்று நான் அப்போது பெருமைப்பட்டேன்.

நீ போனில் கேட்டதும் முதல் வேலையாகச் சின்னப்பையன் அண்ணன் மகனைப் பிடித்தேன். அவன் திருப்பத்தூரில் வேலை செய்கிறான். கடையில் சொல்லி முதல் தொகுதியை வாங்கி வரச் சொன்னேன். பாதை அடைவதற்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்தான். இந்த மூன்று நாளும் அதைத்தான் படித்தேன். கண்ணு, அதில் ஒரு காவல்காரன் வருகிறான். பையனைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான். சோறு ஊட்டுகிறான், காய்ச்சல் வந்தால் கண் விழிக்கிறான். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பையனிடம் தினமும் சொல்கிறான். கெட்டவனாகவே எழுதவில்லை அவனை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவனாக எழுதியிருந்தால் இது வேறு யாரோ என்று புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.

ஆகவே, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: முதல் தொகுதியிலிருந்து தொடங்கு. பதினொன்றாம் தொகுதியில் ஆதிரனின் அம்மாவுடைய இளமைக் காலம் வருகிறதே, காலப்படி அதுதானே முன்னால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இங்கே வந்த ஒரு வாத்தியார் என்னோடு அரை நாள் மல்லுக்கு நின்றார். அவர் பேச்சைக் கேட்காதே. அம்மா யார் என்று தெரியாமல்தான் அவன் கிளம்புகிறான், நீயும் தெரியாமலேயே கூடப் போ. முதல் நூறு பக்கம் இழுக்கும், மதில் மதிலாக வர்ணனை, பொறுத்துக்கொள். நான்காவதிலிருந்து தொடங்கினால் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியாமல் போய்விடும். நம் நூலகத்துப் பிரதிகளைத் தொடாதே, நிவேதாவிடம் இருப்பதை வாங்கிப் படி. அவள் அந்த முன்கதை எங்கே இருக்கிறது என்று மறுபடி கேட்டால், என் அப்பா கட்டியது என்று சொல்லிவிடு. ஏன் கட்டினார் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. அவள் உன்னோடு வாழப் போகிறவள். எனக்குப் பிடிக்காத பக்கத்தை நான் ஒட்டியது போல நீ அவளிடம் எதையும் ஒட்டி மறைக்காதே. ஒரு மாற்றல் உத்தரவை மறைத்ததில் என் குடும்பம் போயிற்று.

இனி சொல்ல வேண்டியது ஒன்றுதான். நேற்று மதியம் கலசப்பாக்கத்தில் இருக்கிற உன் மாமா எண்ணுக்குப் போன் போட்டேன். உன் அம்மாவே எடுத்தாள். குரல் மாறவில்லை. ஜன்னலில் நீ ஏன் வாயைப் பொத்தினாய் என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன், கதையையும் சேர்த்து. அவள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை "இருக்கியா?" என்று கேட்டேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கொழந்த என்னைக் காப்பாத்தணும்னா வாயப் பொத்திக்கினான்? இது தெரியாம இத்தினி வருசம் நான் செத்துக்கினு இருந்தேனே" என்றாள். தை மாதம் உன் கல்யாணத்துக்கு அவள் வர வேண்டும் என்று நான் கேட்டேன். "நீங்க கூப்ட்டா வர மாட்டேன். உங்க பேச்சக் கேட்டு ரெண்டு வாட்டி திரும்பிப் போனவ நான். அவன் வந்து வாசல்ல நின்னு கூப்டட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு ரோஷம் வரவில்லை. அவள் சொன்னது நியாயம்.

பாதையை நாளைக்குச் சரிசெய்துவிடுவார்கள் என்கிறார்கள். இது உன் கைக்கு வரும்போது என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் வரும் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். எதைச் சொல்லி உன்னை நிறுத்தலாம் என்றும் மனம் தன் போக்கில் யோசிக்கிறது, அதை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். கலசப்பாக்கம் போ. நான் கூட வரவில்லை. நான் நடுவில் நின்றால் மறுபடியும் ஏதாவது சொல்லி வைப்பேன். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு. நிவேதாவையும் அழைத்துப் போ. அங்கேயே பத்து நாள் தங்க வேண்டும் என்று தோன்றினால் தங்கு, என்னைக் கேட்க வேண்டாம். கல்யாணத்தில் நான் எங்கே நிற்க வேண்டும், நிற்கலாமா கூடாதா என்பதை நீயும் உன் அம்மாவும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த நாட்களைப் பற்றி உன் அம்மா உன்னிடம் நிறையச் சொல்வாள். அவள் சொல்வதும் நான் இதில் எழுதியிருப்பதும் எங்காவது ஒத்துப்போகாவிட்டால், அவள் சொல்வதை நம்பு.

அப்பா